நலன்புரிச் சங்கத்துக்கு இயலாமைக் காப்புறுதி: குறுங்காலமா, நெடுங்காலமா?

குளக்கட்டு:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றின் நலன்புரிச் சங்கத்துக்காகக் கேட்கிறேன். அங்கத்தவர்கள் 64 பேர். அதில் 38 பேர் 10 வருடச் சேவை தாண்டிய நிரந்தர உத்தியோகத்தர்கள். 17 பேரும் நிரந்தரம்தான், ஆனால் இன்னும் 10 வருடம் ஆகவில்லை. மிச்சம் 9 பேர் ஒப்பந்தத்திலும் அமைய அடிப்படையிலும் இருப்பவர்கள். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கழிபடுகிறது.

முகவர் ஒருவர் இரண்டு கூட்டுத் திட்டங்களைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். முதலாவது குறுங்காலம்: நோயோ விபத்தோ வந்து 14 நாள் கழிந்த பிறகு, கூடினால் 26 கிழமைக்கு, அடிப்படைச் சம்பளத்தின் பாதி. இரண்டாவது நெடுங்காலம்: 180 நாள் கடந்தும் வேலை செய்ய இயலாவிட்டால் மாதா மாதம் அடிப்படைச் சம்பளத்தின் 60 வீதம், 60 வயது வரை. இரண்டையும் எடுக்கக் கட்டுப்பணம் தாங்காது. ஒன்றுதான் எடுக்கலாம்.

கூட்டத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. "கை கால் முறியிறது அடிக்கடி நடக்கிறது, நிரந்தரமாப் படுக்கிறது எப்பவாவது ஒருக்கா, அதனால 26 கிழமைத் திட்டத்தை எடுங்கோ" என்று ஒரு பகுதி. மற்றப் பகுதி கனடாவில் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு வந்து, அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டுமே இருக்கிறதாம் என்கிறது. எங்கள் லீவு விதியையும் ஓய்வூதியத்தையும் வைத்துப் பார்த்தால் எது தேவை? அங்கத்தவர்களில் ஆறு பேருக்கு யுத்தகாலக் காயம் இருக்கிறது. அது தடையாகுமா?

முறிகண்டி:

கனடாக் கணக்கை ஒரு பக்கம் வையுங்கோ. அங்கே அரசாங்கத் தொழில் காப்புறுதியின் நோய்க் கொடுப்பனவே 2022 டிசம்பரில்தான் 15 கிழமையிலிருந்து 26 கிழமையாகக் கூடியது, அதுவும் சம்பளத்தின் 55 வீதம், அதற்கும் ஒரு உச்ச எல்லை. அதனால்தான் வேலை கொடுப்பவரின் குறுங்காலத் திட்டம், அது முடிய நெடுங்காலத் திட்டம் என்று அடுக்கிக் கட்டுகிறார்கள். இங்கே நிரந்தர அரச உத்தியோகத்தருக்கு அந்த முதற்படியை லீவே பார்த்துக்கொள்கிறது.

அமய லீவு 21, ஓய்வு லீவு 24, ஆக வருடத்துக்கு 45 நாள் முழுச் சம்பளத்தோடு. அது முடிந்தால் அரச சேவை விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயப்படி, முன்னைய காலத்தில் எடுக்காமல் விட்ட ஓய்வு லீவு, அரைச் சம்பள லீவு, கடைசியாகச் சம்பளமற்ற லீவு என்று ஒவ்வொரு படியாக இறங்கும். கால் முறிந்து மூன்று மாதம் படுக்கிற ஒருவர் லீவைச் சேமித்து வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டார்.

இனி முகவரின் முதல் திட்டத்தை இதற்கு மேல் வைத்துப் பாருங்கோ. 14ஆம் நாள் முடிய அவர்கள் கணக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் உங்கள் ஆள் முழுச் சம்பளத்தில் இருக்கிறார். பொலிசியில் "வருமான இழப்புக்கு ஈடாக" என்ற சொல் இருந்தால், இழப்பு இல்லை, ஆகவே கொடுப்பனவும் இல்லை. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த தொகை தருவோம் என்று எழுத்தில் தந்தால் மட்டும் அது வேறு கதை. முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாயால் சொல்கிற பதில் வேண்டாம், மாதிரிப் பொலிசியில் அந்தப் பந்தியைக் காட்டச் சொல்லுங்கோ.

உண்மையில் ஆட்கள் விழுகிற பள்ளம் சம்பளமற்ற லீவில் இருக்கிறது. அந்த மாதங்கள் ஓய்வூதியத்துக்குரிய சேவைக் கணக்கில் கழிபடும். ஓய்வூதியத்துக்கு ஆகக் குறைந்தது 10 வருடம், அதாவது 120 மாதம் வேண்டும். நியமனம் கிடைத்து 10 வருடமும் 2 மாதமும் ஆன ஒருவர் இடையில் 5 மாதம் சம்பளமற்ற லீவில் நின்றிருந்தால் அவர் கணக்கு 122 அல்ல, 117. அந்த நிலையில் வைத்தியக் காரணத்தால் ஓய்வு பெற்றால் மாதாந்த ஓய்வூதியம் கை நழுவுகிறது. எல்லைக்குக் கிட்ட நிற்கிறவர்களின் லீவுப் பதிவேட்டைத் தாபனக் கிளையில் இப்போதே எண்ணிப் பாருங்கோ. படுத்த பிறகு எண்ணி ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, "இனி ஏலாது" என்று இராஜினாமாக் கடிதம் கொடுப்பது. இராஜினாமா வேறு, வைத்தியக் காரணத்தால் ஓய்வு பெறுவது வேறு. முன்னதில் ஓய்வூதிய உரிமை போகும். வீட்டுக்காரர் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்கிற கடிதத்தைத் தாபனக் கிளை வாங்கிக் கோவையில் போட்டுவிட்டால் திருப்பி எடுப்பது பெரும்பாடு. மற்றது, வைத்தியசாலையில் கிடக்கிற காலத்துக்கு லீவு விண்ணப்பமே போகாமல் விடுவது. அறிவிக்காமல் நின்றால் அதே விதிக்கோவையின் 5ஆம் அத்தியாயப்படி பதவி வெறிதாக்கல், அதாவது வேலையைக் கைவிட்டதாகக் கருதும் கடிதம் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வரும். ஆள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கட்டிலில், வீடு பூட்டிக் கிடக்கும், கடிதம் திரும்பிப் போகும். பொது 125அ படிவத்தை யார் நிரப்பினாலும் பரவாயில்லை, வைத்தியச் சான்றிதழோடு அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சங்கத்தில் ஒருவரை இதற்கென்றே நியமியுங்கோ. காப்புறுதி எடுக்கிறதைவிட இது மலிவு.

கடமையின்போது நடந்த விபத்து என்றால் பாதை வேறு. விபத்து லீவு சொந்த லீவில் கழிபடாது. நட்டஈட்டுக்கு அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 22/93ம் அதன் பின்வந்த திருத்தங்களும் இருக்கின்றன. ஆனால் "கடமையில்" என்பதை நிறுவ வேண்டும். வெளிக்களத்துக்குப் போகமுன் நகர்வுப் பதிவேட்டில் போகும் இடமும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். விபத்து நடந்தால் அன்றைக்கோ மறுநாளோ பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிக்கை போகவேண்டும். ஒட்டுசுட்டான் ரோட்டில் மோட்டார்சைக்கிளோடு விழுந்தவரின் பெயரில் பதிவேட்டில் வெறும் கோடு கிடந்தால், பிறகு யார் சாட்சி சொன்னாலும் கணக்காய்வு கேள்வி கேட்கும்.

ஆக, 38 பேருக்குக் கீழே ஓய்வூதியம் என்ற பாய் விரித்திருக்கிறது. அந்த 17 பேருக்குத்தான் கீழே வெறும் நிலம். ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் நெடுங்காலத் திட்டம் என்பது என் அபிப்பிராயம். 2016 ஜனவரி 1க்குப் பிறகு நியமனம் பெற்றவர்கள் நியமனக் கடிதத்தில் ஓய்வூதியம் பற்றிய பந்தியையும் ஒருக்கா வாசித்துவிட்டு வரட்டும்.

பாலைப்பழம்:

முறிகண்டி அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன், ஆனா நெடுங்காலத் திட்டம் எண்டு பேர் போட்டதெல்லாம் ஒண்டில்லை. நான் பொலிசிப் பக்கத்தைச் சொல்றன்.

வரைவிலக்கணத்தைத்தான் முதல் பாக்கோணும். "தன்னுடைய தொழிலைச் செய்ய இயலாமை" எண்டு இருக்குதோ, "கல்வி, பயிற்சி, அனுபவத்துக்குப் பொருந்தும் எந்தத் தொழிலையும் செய்ய இயலாமை" எண்டு இருக்குதோ? ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முள்ளந்தண்டு அடிபட்ட கிராம அலுவலரை எடுங்கோ. அவரால மோட்டார்சைக்கிள் ஓட ஏலாது, குளத்து அலைகரையில இறங்கி நடக்க ஏலாது. முதலாவது வரைவிலக்கணப்படி அவருக்குக் காசு கிடைக்கும். ரெண்டாவதின்படி, "க.பொ.த. உயர்தரம் படிச்சிருக்கிறார், கதிரையில இருந்து எழுதலாம்தானே" எண்டு கோரிக்கையைத் திருப்பிவிடுவினம். சில பொலிசியில முதல் ரெண்டு வருஷம் "தன் தொழில்", அதுக்குப் பிறகு "எந்தத் தொழிலும்" எண்டு மாறும். அது பரவாயில்லாத நடுவழி. இன்னும் சிலதில இயலாமை எண்டாலே இரு கை, இரு கால், இரு கண் இழந்தால்தான். அது விபத்துக் காப்புறுதி. அதை நெடுங்காலத் திட்டம் எண்டு விக்கிறவை, கவனம்.

இதில ஒரு சிக்கல். மெடிக்கல் போட் (அரச வைத்தியர்கள் குழு) "இந்தச் சேவைக்குத் தகுதியில்லை" எண்டு எழுதினாலும் காப்புறுதிக் கம்பனி அதுக்குக் கட்டுப்பட்டதில்லை. அவை தங்கட வைத்தியரைக் கொண்டு பாப்பினம். ஒரே ஆள் அரசாங்கத்துக்கு ஏலாதவர், கம்பனிக்கு ஏலுமானவர். அரச மெடிக்கல் போட் முடிவை ஏற்றுக்கொள்ளுவினம் எண்டு ஒரு வரியைக் கூட்டுப் பொலிசியில சேர்க்கக் கேளுங்கோ. 64 பேர் எண்டா பேரம் பேசலாம். தனி ஆளாப் போனா இதெல்லாம் கிடையாது.

அடுத்தது கழிப்பு. 60 வீதம் எண்டு பெரிய எழுத்தில இருக்கும். கீழ சின்ன எழுத்தில "ஓய்வூதியம், நட்டஈடு முதலிய ஏனைய வருமானங்கள் கழிக்கப்படும்" எண்டு இருக்கும். அடிப்படைச் சம்பளம் 70,000 எண்டு வையுங்கோ. 60 வீதம் 42,000. ஆள் வைத்தியக் காரணத்தால ஓய்வு பெற்று 30,000 ஓய்வூதியம் எடுத்தால் கம்பனி தாறது 12,000தான். ஆனா கட்டுப்பணம் 42,000க்குக் கணக்குப் பாத்து வாங்கியிருப்பினம். ஓய்வூதியம் உறுதியா இருக்கிற அந்த 38 பேருக்கும், இல்லாத 17 பேருக்கும் ஒரே வீதத்தில கட்டுப்பணம் கட்டுறது நியாயமில்லை. ரெண்டு வகுப்பாப் பிரிச்சு விலை கேளுங்கோ: அந்த 17 பேரின்ர வகுப்புக்குக் கழிப்போட 60 வீதம், 38 பேரின்ர வகுப்புக்குக் கழிப்பில்லாமல் 40 வீதம் மாதிரி. "அடிப்படைச் சம்பளம்" எண்டா வாழ்க்கைச் செலவுப் படி சேராது எண்டதையும் நினைவில வையுங்கோ.

பிறகு கட்டுப்பணம் போற வழி. சம்பளப் பட்டியலில கழிக்கிறது வசதிதான், ஆனா சம்பளமற்ற லீவு தொடங்கின மாசம் கழிக்கச் சம்பளமே இல்லை. ரெண்டு மாசம் கட்டுப்பணம் போகாட்டி பொலிசி காலாவதி. 180 நாள் காத்திருப்புக் காலத்தில 120ஆம் நாளோ 150ஆம் நாளோ காப்புறுதி செத்துப்போகும். தேவைப்பட்ட நேரத்திலதான் இது நடக்கும், அதுதான் கொடுமை. மொத்த அறவீடு சம்பளத்தின் 40 வீதத்தைத் தாண்டக்கூடாது எண்ட எல்லையாலயும் இதே நடக்கலாம். இடர் கடன், வங்கிக் கடன் எல்லாம் ஏற்கனவே கழிபடுற ஆளுக்குக் கணக்குக் கிளை புது அறவீட்டை ஏற்காது. அதனால சங்கமே மொத்தமாக் கட்டுற ஒழுங்கைச் செய்யுங்கோ, ஆட்களிட்டைப் பிறகு வாங்கலாம். "இயலாமைக் காலத்தில் கட்டுப்பணம் விலக்கு" எண்ட வாசகம் இருந்தாலும், அது காத்திருப்புக் காலத்துக்கும் பொருந்துமா எண்டு பாருங்கோ. அனேகமா அதுக்குப் பிறகுதான் தொடங்கும்.

தொடக்க நாளில லீவில நிக்கிறவைக்குக் காப்பு இல்லை. "தொடக்கத் திகதியில் கடமையில் இருத்தல்" எண்டு அனேகமான கூட்டுப் பொலிசியில ஒரு நிபந்தனை இருக்கும். பிரசவ லீவில நிக்கிறவை, சுகவீன லீவில நிக்கிறவை கடமைக்குத் திரும்பின நாளிலிருந்துதான் உள்ளுக்கு வருவினம். கையெழுத்து வைக்கிற மாசத்தில வரவுப் பதிவேட்டைப் பாத்து அவையின்ர பேரைத் தனியா எழுதி வையுங்கோ. சேவையை விட்டுப் போனால், இடமாற்றத்தால சங்கத்தை விட்டுப் போனால் கூட்டுக் காப்பும் அண்டையோட சரி.

அக்ரஹார இருக்குத்தானே எண்டு கூட்டத்தில ஆரும் எழும்பிக் கேப்பினம். அது தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின்ர திட்டம். முக்கியமா வைத்தியசாலைச் செலவுக்குத்தான், மாசச் சம்பளத்துக்குப் பதிலா வாற காசு இல்லை. உங்கட ஆக்கள் எந்தப் படிநிலையில கழிபடுகினம், அந்தப் படிநிலையின்ர அனுகூல அட்டவணையில விபத்து அங்கவீனத்துக்கு என்ன தொகை எண்டு சம்பளத் துண்டையும் அட்டவணையையும் வைச்சுப் பாருங்கோ. அந்தத் தொகையைத் திருப்பித் தனியார் பொலிசியில வாங்கத் தேவையில்லை.

குளக்கட்டு:

மிகவும் நன்றி, இரண்டு பேருக்கும். "வருமான இழப்புக்கு ஈடாக" என்ற சொல் முகவர் தந்த மாதிரிப் பொலிசியில் அப்படியே இருக்கிறது, 3ஆம் பக்கத்தில். அப்போ குறுங்காலத் திட்டத்தில் பாதிப் பேருக்கு எதுவும் வராது போல.

காயப்பட்டவர்கள் பற்றி இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நல்லது. ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழ் கால் இல்லை, செயற்கைக் கால். ஒருவருக்கு ஒரு கண் இல்லை. மற்ற நால்வருக்கும் உடம்பில் செல் துண்டு. எல்லோரும் முழுநேரம் வேலை செய்கிறார்கள். விண்ணப்பத்தில் அதை எழுத வேண்டாம், எழுதினால் பிரச்சினை என்று முகவரே சொல்கிறார். அதோடு மிதிவெடி, பாம்பு, யானை எல்லாம் விபத்துக்குள் வருமா?

பாலைப்பழம்:

எழுத வேண்டாம் எண்டு சொல்ற முகவரோட இனி எழுத்தில மட்டும் கதையுங்கோ. தெரிஞ்ச உண்மையை மறைச்சால் கம்பனிக்குப் பொலிசியையே செல்லாததாக்க வழி கிடைக்கும், அதுவும் கோரிக்கை வைச்ச பிறகுதான் அதைத் தோண்டி எடுப்பினம். செல் துண்டு எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரியும், ஒளிக்க ஏலாது. பிறகு முகவர் சொன்னவர் எண்டு சொல்லிப் பயனில்லை, விண்ணப்பத்தில கையெழுத்து உங்கட ஆளின்ரை.

எழுதினால் என்ன நடக்கும்? கூட்டுத் திட்டத்தில ஒரு தொகை வரைக்கும் வைத்தியப் பரிசோதனை இல்லாமலே எடுக்கிறது உண்டு. அதுக்கு மேல கேட்டால், அந்தக் காயத்தாலயும் அதின்ர பின்விளைவாலயும் வாற இயலாமையை மட்டும் விலக்குவினம். துண்டு இருக்கிற இடத்தை உடம்புப் பகுதி சொல்லிக் குறிப்பா எழுதச் சொல்லுங்கோ: "இடது தொடையில் உள்ள உலோகத் துண்டு" மாதிரி. "யுத்தக் காயங்கள்" எண்டு மொட்டையா எழுதவிட்டால் நாளைக்கு நாரி நோ வந்தாலும் அதையே காட்டுவினம்.

ஒரு கண் இல்லாதவரின்ர விஷயம்தான் இதில கூர்மையானது. அட்டவணையில "இரு கண் பார்வை இழப்பு 100 வீதம், ஒரு கண் 50 வீதம்" எண்டு இருக்கெண்டு வையுங்கோ. அவருக்கு மிச்ச ஒரு கண்ணும் போனால் ஆள் முழுக் குருடு. கம்பனி என்ன சொல்லும்? பொலிசிக் காலத்தில போனது ஒரு கண், ஆகவே 50. கால் இல்லாதவருக்கும் இதே கணக்கு, மற்றக் கால் போனால் ஒரு கால் இழப்பு எண்டுதான் பாப்பினம். "முன்னர் ஒன்றை இழந்தவர் மற்றையதையும் இழப்பின் முழு இயலாமையாகக் கொள்ளப்படும்" எண்டு பின்னிணைப்பு ஒண்டை இவை ரெண்டு பேரின்ர பேரிலயும் கேளுங்கோ. கொஞ்சம் கூடக் கேப்பினம், குடுக்கலாம்.

மிதிவெடி: பொது விலக்குப் பட்டியலில "யுத்தம், படையெடுப்பு, உள்நாட்டு யுத்தம், யுத்தத்தை ஒத்த நடவடிக்கை" எண்டு இருக்கும். கொழும்பில எழுதின வாசகம், அங்க அது ஒரு சடங்கு. வன்னியில வளவு கூட்டிக் குப்பை எரிக்கேக்க வெடிச்சால் அது யுத்தமா விபத்தா எண்ட கேள்வி நிஜமா வரும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றல் எத்தினை வருஷம் நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். "கைவிடப்பட்ட அல்லது வெடிக்காத வெடிபொருளால் பொலிசிக் காலத்தில் ஏற்படும் காயம் இவ்விலக்கினுள் அடங்காது" எண்டு எழுத்தில வாங்குங்கோ. தரமாட்டம் எண்டால் அந்தக் கம்பனி உங்கட மாவட்டத்துக்கு உதவாது.

யானை அடிச்சால் விபத்துத்தான், அதில வாதமில்லை. "வெளிப்புற, பலவந்தமான, கண்ணுக்குப் புலப்படும் காரணம்" எண்ட வரைவிலக்கணத்துக்கு யானையை விடப் பொருத்தமானது என்ன இருக்கு? பாம்புதான் சிக்கல். புடையன் கடிச்சுச் சிறுநீரகம் பழுதானால், கடி விபத்து, சிறுநீரகச் செயலிழப்பு நோய். விபத்துக்கு மட்டும் எடுத்த பொலிசியில கம்பனி நோயெண்டு வாதாடும். "விஷக்கடி" எண்ட சொல் விபத்து வரைவிலக்கணத்துக்குள்ள இருக்கோணும். நோயையும் விபத்தையும் சேர்த்து எடுத்தால் இந்தத் தலையிடி இல்லை.

வீரைமரம்:

அந்த 9 பேரை யாரும் தொடவில்லை. சுருக்கமாக.

இவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, அரைச் சம்பள லீவும் இல்லை. ஆனால் கையில் மூன்று இருக்கின்றன.

சேமலாப நிதி: நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாமல் போனால் வயதெல்லைக்குக் காத்திருக்காமல் முழு மீதியையும் எடுக்கலாம். வைத்தியச் சான்று வேண்டும். தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அங்கத்துவ இலக்கத்தோடு பொருந்துகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் பதிந்து, பிறகு பன்னிரண்டு இலக்கத்துக்கு மாறியவர்களுக்கு இங்கேதான் கோவை நிற்கும்.

ஊழியர் நம்பிக்கை நிதி: வேலைகொடுப்பவர் கட்டுகிற 3 வீதம். இதற்குள் உறுப்பினருக்கு நிரந்தர இயலாமைக் காப்புறுதி ஒன்று இருக்கிறது. தனியாகக் கட்டுப்பணம் இல்லை. பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. பங்களிப்பு ஒழுங்காகப் போயிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒப்பந்தக்காரரைக் கொண்டு வேலைக்கு எடுத்தவர்கள் என்றால் அவர் கட்டினாரா என்று கேட்டுப் பார்க்கவும்.

மூன்றாவது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். வேலையால் வந்த காயம் என்றால் வேலைகொடுப்பவர் நட்டஈடு கட்டவேண்டும். உச்சத் தொகை 5,50,000 ஆக இருந்து 2022 திருத்தத்தோடு 20 இலட்சமானது. வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கிற விபத்தும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. கோரிக்கைக்கு விபத்து நடந்து இரண்டு வருடம்தான் அவகாசம். மேற்பார்வையாளர் பத்தாயிரமோ இருபதாயிரமோ கையில் கொடுத்து "இனி ஒன்றுமில்லை" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் வைக்க வேண்டாம். காசு நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டுத்தான் வரவேண்டும்.

இவை மூன்றும் வேலையால் வந்த காயத்தையும் நிரந்தர இயலாமையையும் பார்க்கும். ஆறு மாதம் காசநோயோ, வேலையோடு தொடர்பில்லாமல் முறிந்த காலோ என்றால் இவற்றிலிருந்து ஒரு சதமும் வராது. ஆகவே அந்தக் குறுங்காலத் திட்டம் உங்கள் 64 பேரில் சரியாகப் பொருந்துவது இந்த 9 பேருக்குத்தான். நீண்ட லீவுச் சம்பளம் இல்லாததால் "வருமான இழப்பு" இவர்களுக்கு விரைவிலேயே உண்மையாகிவிடும். 9 பேருக்குத் தனியாகக் குறுங்காலம், 55 பேருக்கு நெடுங்காலம் என்று கேளுங்கள். ஒன்பது பேருக்குத் தனிக் குழுவாகத் தரமாட்டார்கள் என்றால், அதே பொலிசியில் மூன்றாவது வகுப்பாகப் போடச் சொல்லுங்கள்.

முறிகண்டி:

வீரைமரம் சொன்ன பிரிப்பு நல்லது, நானும் அந்த ஒன்பது பேரை விட்டுவிட்டேன்.

மெடிக்கல் போட்டுக்கு அனுப்பும் கோவை பற்றி ஒரு குறிப்பு. திணைக்களத் தலைவரின் கோரிக்கைக் கடிதத்தோடு கடமைப் பட்டியலை இணையுங்கோ. "அபிவிருத்தி உத்தியோகத்தர்" என்று பதவிப் பெயரை மட்டும் போட்டால் போட்டில் இருக்கிற வைத்தியர் மேசை வேலை என்றுதான் நினைப்பார். "வாரத்தில் மூன்று நாள் வெளிக்களம், மோட்டார்சைக்கிளில், கிரவல் வீதியில்" என்று எழுதினால்தான் முள்ளந்தண்டுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு விளங்கும். போட் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: தகுதி, குறித்த காலத்துக்கு இலகு கடமை, அல்லது சேவைக்குத் தகுதியில்லை. இலகு கடமை என்று வந்தால் அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். 120 மாதத்துக்குக் குறைவான ஆளுக்கு அதுதான் நல்ல முடிவு, சம்பளத்தோடு மாதம் ஏறும்.

தகுதியில்லை என்று வந்தால் ஓய்வளிக்கிற அதிகாரம் யாரிடம் என்று பார்த்து அனுப்புங்கோ. அபிவிருத்தி உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் போன்ற இணைந்த சேவைக்காரரின் கோவை கொழும்பில் இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்துக்குப் போகும். மாகாண சபை ஆட்களின் பாதை மாகாணத்தோடு. தவறான கந்தோருக்குப் போன கோவை திரும்பி வர மாதங்கள் ஓடும், அந்த மாதங்கள் சம்பளமற்ற லீவாக எழுதப்பட்டால் நட்டம் உத்தியோகத்தருக்கு.

2009இல் கோவை, சான்றிதழ் எல்லாம் தொலைத்தவர்கள் இருப்பார்கள். முதல் நியமனக் கடிதத்தின் பிரதி, நிரந்தரமாக்கிய கடிதம், இடம்பெயர்ந்த காலத்தில் எந்த மாவட்டத்தில் இணைப்பில் இருந்தார் என்ற கடிதம், அந்த மாதங்களின் சம்பளப் பதிவு. இந்த நான்கும் இல்லாத இடைவெளி ஓய்வூதியக் கோவையில் வெள்ளையாகத் தெரியும். சுகமாக நடமாடும்போது மாவட்டச் செயலகத்தில் தேடி எடுப்பது சுலபம்.

பாலைப்பழம்:

கோரிக்கைப் பக்கத்துக்கும் ஒண்டு சொல்லி விடுறன். வைத்தியசாலையில இருந்து துண்டு வெட்டி வீட்டை விடேக்க நோய் நிர்ணய அட்டையில விபத்து நடந்த விதமும் திகதியும் எழுதியிருக்கோ எண்டு கட்டிலடியிலயே பாருங்கோ. "வீழ்ந்ததாகக் கூறினார்" எண்டு மட்டும் இருந்தால் பிறகு மாத்திறது கஷ்டம். வீதி விபத்தெண்டால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சாரதி அனுமதிப்பத்திரம். அனுமதிப்பத்திரம் காலாவதி எண்டாலே பல பொலிசியில கோரிக்கை அடிபட்டுப் போகும். காத்திருப்பு 180 நாள் எண்டதுக்காக 180 நாள் கழிச்சு அறிவிக்கக்கூடாது. அறிவித்தலுக்குத் தனிக் கால எல்லை இருக்கு, அது மிகக் குறுகினது. ஆள் விழுந்த கிழமையே சங்கச் செயலாளர் ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில போடட்டும், பத்திரம் எல்லாம் பிறகு அனுப்பலாம். மறுத்தால் முதல் கம்பனிக்கு எழுத்தில மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி காப்புறுதி ஒம்புட்ஸ்மன் அல்லது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு.

குளக்கட்டு:

மூன்று வகுப்பாகப் பிரித்து மூன்று கம்பனியிடம் விலை கேட்கிறோம். கடைசியாக ஒன்று: மூளையில் அடிபட்டு அல்லது பாரிசவாதம் வந்து கையெழுத்து வைக்க முடியாத நிலையில் ஆள் இருந்தால் கோரிக்கைப் படிவத்தில் யார் கையெழுத்து வைப்பது?

பாலைப்பழம்:

நினைவு இருந்து கைதான் ஏலாது எண்டால் சமாதான நீதவானுக்கு முன்னால பெருவிரல் அடையாளம் வைக்கலாம். படிவத்தை வாசிச்சு விளங்கப்படுத்தினது எண்டு அவர் எழுதிக் கையொப்பமிடோணும். நினைவே இல்லையெண்டால் மனைவியோ கணவனோ வைக்கிற கையெழுத்தைக் கம்பனி தானா ஏற்காது, நீதிமன்றத்தால நியமனம் கேப்பினம், அது நாள் எடுக்கும். அதுக்காகத்தான் கூட்டுப் பொலிசியில "உறுப்பினர் இயலாத நிலையில் கொடுப்பனவை அவர் முன்கூட்டியே பெயர் குறிப்பிட்டவருக்குச் செலுத்தலாம்" எண்டு ஒரு வரி கேக்கச் சொல்றது. பின்னுரித்தாளர் படிவம் இறப்புக்கு மட்டும்தான், இதுக்குப் பொருந்தாது. 64 பேரிட்டையும் ரெண்டு படிவமும் ஒரே நாளில வாங்கி வையுங்கோ.